மலை எங்கே போயிற்று

ஒரு மலை இருந்தது. அது வெடித்தது. வெடித்து அடங்கிய பிறகு மலை இருந்த இடத்தில் ஓர் ஏரி இருந்தது. இதை நான்கு படங்களில் காட்ட வேண்டும். அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை இவ்வளவுதான். கேட்கும்போது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது.

வேலை கொடுத்தவர் ஒரு நிலவியல் பேராசிரியர். பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டு அம்பத்தூரில் குடியிருந்தார். கல்லூரிப் பாடங்களைத் தமிழில் நடத்தலாம் என்ற பேச்சு பலமாக இருந்த காலம் அது. புத்தகம் எழுத ஆள் தேடினார்கள். பாறையைப் பற்றித் தமிழில் எழுதினால் அது தலபுராணமாகத்தான் இருக்கும் என்று கூட வேலை பார்த்தவர்கள் இவரைக் கேலி செய்தார்களாம். அந்த ரோஷத்திலேயே முதல் பாகத்தை எழுதி முடித்துவிட்டார். படம் போட்டுக்கொண்டிருந்த ஓவியரோ சினிமா பேனர் எழுதப் போய்விட்டார். எரிமலை அத்தியாயம் மட்டும் படமில்லாமல் நின்றது.

என் கணவர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவரோடு வேலை பார்த்த ஒருவர் பேராசிரியருக்கு அடுத்த வீடு. டீ குடிக்கிற நேரத்தில் இந்தப் பேச்சு வந்திருக்கிறது. இவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "எங்க வீட்ல வரைவாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நான் வரைந்து அவர் ஒரு கோடுகூடப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பு மதுரையில் ஓவியத் தேர்வில் மேல்நிலை தேறியவள் நான் என்று பெண் பார்க்க வந்த அன்று யாரோ சொன்னதை நினைவில் வைத்திருந்திருக்கிறார். ஆவடிக்கு வந்த அந்த மூன்று வருஷத்தில் நான் வரைந்தது வாசல் கோலம் மட்டும்தான். அதையும் வெயில் ஏறுவதற்குள் பக்கத்து ரைஸ்மில்லின் உமிப்பொடி வந்து மூடிவிடும்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்றும் வந்தது. தெரியாத வேலைக்கு என்னை ஏன் மாட்டிவிட்டீர்கள் என்று பாத்திரங்களை டங்கென்று வைத்தேன். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, "தெரியாதுன்னா அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றார். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. தெரியாது என்று யார் சொன்னது? மறுநாளே கறுப்பு மையும் தொட்டு எழுதும் பேனாவும் வாங்கி வரச் சொன்னேன்.

பேராசிரியர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "அம்மா, இந்த நாலு படமும் சரியா வந்தா ரெண்டாம் பாகம் முழுக்க நீங்கதான். வரலைன்னா பட்டணத்துல ஒருத்தர் காத்துட்டிருக்கார்" என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். வீட்டுக்கு நாலு காசு வந்தால் நல்லது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. நான் வரைகிறவள் என்பது எனக்கே மறந்துகொண்டு வந்தது. இந்த வாய்ப்பும் போனால் மறந்தே போய்விடும் என்று பயந்தேன்.

எரிமலையை நான் பார்த்ததில்லை. ஏரியைப் பார்த்திருக்கிறேன். பருத்திப்பட்டு ஏரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். சாயங்காலம் இருவரும் கரைமேல் நடந்துவிட்டு வருவோம். அதனால் ஏரிப் படத்தைத்தான் முதலில் வரைந்தேன். மலைச்சரிவில் அழகான ஏரி. ஒரு பக்கம் வளைந்த கரை, கரைமேல் வரிசையாகப் பனைமரம், நடுவில் கல் மதகு, ஓரத்தில் மிச்சத் தண்ணீர் வழிய ஒரு கலங்கல். மூன்று வருஷம் சும்மா இருந்த கை, மையைத் தொட்டதும் தானாக ஓடியது. ஒவ்வொரு பனையோலையையும் தனித்தனியாக வரைந்தேன்.

பேராசிரியர் படத்தைக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பிறகு இறக்கிப் பார்த்தார்.

"அம்மா, மதகு எதுக்கு?"

"தண்ணி வெளிய போக வேணாமா சார்?"

"எங்க போகணும்?"

"வயலுக்கு."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். நாங்கள் பார்த்த ஏரியெல்லாம் யாரோ மண்ணை வெட்டிக் கரை போட்டது. மழைக்காலத்தில் வாய்க்காலில் வரும் தண்ணீரைக் கரை தடுத்து நிறுத்தும், மிஞ்சினது கலங்கலில் போகும், வேண்டியபோது மதகைத் திறந்துகொள்ளலாம். கரை இல்லாமல் ஓர் ஏரி எப்படி நிற்கும் என்று எனக்கு மட்டுமல்ல, எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தெரிந்திருக்காது.

"இதுக்குக் கரை போட்டவங்க யாரும் இல்ல" என்றார் அவர். "ஆறு வராது, வாய்க்கால் வராது. மேலயிருந்து விழற மழையும் பனியும்தான். சுத்தி நாலு பக்கமும் மலையோட விளிம்பு நிக்கும்."

"நிறைஞ்சு போச்சுன்னா சார்?"

"பல ஏரி நிறையறதே இல்ல. தண்ணி ஏற ஏறப் பரப்பு அகலமாகும். வெயில் குடிக்கறதும், பாறை விரிசல்ல கசியறதும் கூடிட்டே வரும். ஒரு மட்டத்துல வரவும் செலவும் சரியாப் போயிடும். அதுக்கு மேல ஏறாது. அந்த மட்டத்துக்கு வந்து சேரவே நூத்துக்கணக்குல வருஷம் ஆகலாம்."

எனக்கு அது பிடித்திருந்தது. யாரும் கட்டாத, யாரும் திறந்துவிடாத, தன் அளவு தெரிந்த ஏரி. வீட்டுக்கு வந்து உற்சாகமாக வரைந்தேன். உயரமான மலை, உச்சியில் ஒரு வாய், அந்த வாய் நிறையத் தண்ணீர். அடுத்த வாரம் கொண்டுபோய் நீட்டினேன்.

"இது குடம்" என்றார் பேராசிரியர்.

அப்புறம் கொஞ்சம் இறங்கிவந்து, இதுவும் பொய்யில்லை என்று விளக்கினார். எறும்பு வளை தோண்டும்போது வெளியே தள்ளும் மண் வளையைச் சுற்றி வட்டமாகக் குவியும் இல்லையா, அதுபோல எரிமலை கக்குகிற சாம்பலும் கல்லும் அதன் வாயைச் சுற்றிக் குவிந்து கிண்ணம்போல ஒரு பள்ளம் உண்டாகும். எரிமலை அடங்கி அந்த வாய் தூர்ந்துபோனால் மழைத் தண்ணீர் அதில் தேங்கும். ஆனால் அதெல்லாம் சின்னப் பள்ளம். அவர் கேட்டது வேறு. அதற்குத் தமிழில் பெயர் வைக்க அவரே திண்டாடிக்கொண்டிருந்தார். கால்டெரா என்பது வேற்று நாட்டுச் சொல்லாம், பாயசம் காய்ச்சுகிற பெரிய கொப்பரை என்று அர்த்தமாம். ஆவடியையும் அம்பத்தூரையும் சேர்த்து உள்ளே வைத்துவிடலாம், அவ்வளவு அகலமான கொப்பரைகள் இருக்கின்றன என்றார்.

"மலை வெடிச்சுச் சிதறிடுச்சு. அதானே சார்?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. சிதறினா துண்டு எங்க? சுத்துவட்டாரம் பூரா தேடிப் பார்த்தாங்க. கிடந்ததெல்லாம் பூமிக்குள்ளயிருந்து புதுசா வந்த சாம்பலும் நுரைக்கல்லும்தான். பழைய மலையோட பாறை கொஞ்சம்தான் கிடைச்சுது. அப்ப மீதி மலை எங்க போச்சு?"

நான் என் குடத்துப் படத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"உள்ள போச்சு" என்றார். "மலைக்கு அடியில பாறைக்குழம்பு நிறைஞ்ச பெரிய அறை. மேல இருக்கிற பாரத்தை அதுதான் தாங்கிட்டிருந்தது. பெரிய வெடிப்புல அந்தக் குழம்பு வேகமா வெளிய கொட்டிடுச்சு. அப்புறம் தாங்க என்ன இருக்கு? கூரை அப்படியே கீழ இறங்கிடுச்சு. அந்த மூணாவது படம்தான் எனக்கு முக்கியம்."

எனக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தாளை எடுத்து அவரே வரைந்து காட்டினார். அது இட்லியின் நடுவில் யாரோ விரலால் அழுத்தினதுபோல இருந்தது. அவருக்கே கோபம் வந்து தாளைத் திருப்பிப் போட்டுவிட்டார். "நான் எழுதிட்டேன். காட்ட வேண்டியது நீங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியலைன்னா சொல்லிடுங்க, அவரை வரச் சொல்லிடறேன்" என்றார்.

எனக்கு எதைப் பார்த்தாலும் அதைக் குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்றுதான் தோன்றும். கத்திரிக்காய் நறுக்கும்போதும் விதை வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்று குழம்பைக் கருகவிட்டிருக்கிறேன். அந்த வாரம் முழுவதும் மலையை வெட்டி வெட்டிப் பார்த்தேன். வெட்டுப்படவில்லை. கூரை விழும், சரி. நான் பார்த்த கூரைகள் ஒரு பக்கமாகச் சரிந்துதான் விழுந்தன. மலை எப்படி வட்டமாக இறங்கும்? வெளிச்சரிவு அப்படியே நிற்க, நடு மட்டும் எப்படிப் போகும்? கோடு எங்கே முறிய வேண்டும்? அது தெரியாமல் பேனாவை வைக்கவே முடியவில்லை. வைத்த இடமெல்லாம் தப்பாகப் போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் என் பொறுமை முடிந்தது. வரைந்தது எல்லாவற்றையும், குடம், சிதறின மலை, பனைமர ஏரி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் மதிலுக்கு மேலே வீசினேன். "அந்தப் பட்டணத்துக்காரரையே வரையச் சொல்லுங்க" என்று, அரை நாள் வேலை முடிந்து வந்திருந்த இவரைப் பார்த்துக் கத்தினேன். மழைக்கு முந்தின காற்று அடித்துக்கொண்டிருந்தது. தாள்கள் பறந்துபோய் ரைஸ்மில்லின் உமி மேட்டில் விழுந்தன.

அந்த மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லில் நெல் அவிக்கிற பாய்லருக்கு உமிதான் எரிபொருள். எரித்தது போக மிஞ்சின உமியை எங்கள் மதிலுக்கு அப்பால் வருஷக்கணக்காகக் கொட்டி வைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு அது அகலமாக வளர்ந்திருந்தது. பாய்லர் சாம்பலையும் அதே இடத்தில் கொட்டுவார்கள். அதோடு போகிற ஏதாவது ஒரு கங்கு உமிக்குள் புகுந்துவிடும். உமி தழல்விட்டு எரியாது. உள்ளுக்குள்ளேயே கனிந்து கனிந்து வாரக்கணக்கில் போகும். வெளியே பார்த்தால் சாம்பல் நிறத்தில் மேடு அப்படியே நிற்கும், காலையில் மட்டும் லேசாகப் புகை தெரியும். எங்கள் சுவரை ஒட்டிக் குடியிருந்த அக்கா அந்த மில்லில்தான் களத்தில் நெல் கிளறுகிறவர். அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று வந்த புதிதிலேயே எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

என் கணவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் மதிலைத் தாண்டிக் குதித்தார். நான் "ஏங்க, வேணாம்" என்பதற்குள் மேட்டின் பாதி ஏறிவிட்டார். உச்சிக்கருகில் ஒரு தாளை எட்டிப் பிடித்தார். பிடித்த அந்த நிமிஷத்தில் அவருடைய இடது கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று. அவர் அலறவில்லை. என்னவோ யோசிக்கிறவர் மாதிரி ஒரு முகம். பிறகுதான் சத்தம் வந்தது.

மதில் எனக்கு மார்பளவு. அன்று அதை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. அதற்குள் அக்கா களத்திலிருந்து ஒரு பலகையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நைனா, ஆடாத. ஆடுனா இன்னொரு காலும் பூடும். பலக மேல படு. அப்டியே படுத்துகினு இஸ்துக்க."

அவர் பலகைமேல் குப்புறச் சாய்ந்து காலை உருவினார். நாங்கள் இருவரும் பலகையோடு அவரைக் கீழே இழுத்தோம். நெல் ஊறவைக்கும் தொட்டிக்குள் காலை வைத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார் அக்கா. அவருக்கு என்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"படிச்சவங்கதான நீங்க? ஒரு காயிதத்துக்காவ ஊட்டுக்காரர நெருப்புல உடுவியா? தோ பாரு, தோலு எப்டி கீதுன்னு."

கணுக்காலைச் சுற்றித் தோல் கழன்றிருந்தது. தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஒரு மாதமாவது தரையில் ஊன்றக்கூடாது என்றார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று கேட்டபோது நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். உள்ளே இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். பனைமர ஏரி. ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகியிருந்தது.

"இதுக்காகவா போனீங்க? இது வேணாத படம். தப்புன்னு அவர் சொல்லிட்டார்."

"தெரியும். அவருக்கு வேணாம். நம்ம ஏரிதானே இது. எவ்வளவு நல்லா இருக்கு."

நான் வரைந்து அவர் முதன்முதலாகப் பார்த்த படம் அது. தப்பும் சரியும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கஞ்சி வைக்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் காலை விடிந்ததும் கொல்லைப்பக்கம் போனேன். அந்த மேட்டின்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். கையில் கிடைத்த அரைச் செங்கல்லை எடுத்துக்கொண்டு மதிலோரத் துவைக்கல்மேல் ஏறி நின்றேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மேட்டின் உச்சியைக் காணோம்.

சுற்றிலும் சரிவு நேற்றுப் பார்த்தபடியே இருந்தது. உச்சி இருந்த இடத்தில் ஒரு அகலமான பள்ளம். இவர் கால் பட்ட இடத்தில் மட்டும் ஓட்டை இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. உமிமேட்டின் உச்சி முழுவதும் ஒரே துண்டாகக் கீழே இறங்கியிருந்தது. பள்ளத்தின் ஓரம் செங்குத்தாக வெட்டினதுபோல நின்றது. அந்த ஓரத்துக்கு வெளியே இன்னொரு விரிசல், வளையமாக ஓடியது. கீழே எரிந்து சாம்பலான உமி ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிட்டது. நடுவில் வெற்றிடம். மேலிருந்த பொருக்கு தன் பாரத்தைத் தானே எவ்வளவு நாள் தாங்கும்?

செங்கல்லை எறிந்தேன். ஆத்திரத்தில் எறிந்ததுதான், சோதனைக்காக இல்லை. அது வளைய விரிசலுக்கு உள்பக்கம் விழுந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் அந்த விரிசலுக்கு உட்பட்ட பகுதி முழுவதும் இன்னொரு படி கீழே இறங்கியது. புஸ்ஸென்று கொஞ்சம் சாம்பல் எழுந்தது. வெளிச்சரிவில் ஒரு உமிகூட நகரவில்லை.

மலை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கேயும் போகவில்லை. தான் நின்ற இடத்திலேயே கீழே இருந்தது. கூரை சரிவதற்குப் பக்கத்தில் காலி இடம் வேண்டும். இங்கே காலி இடம் அடியில் மட்டும்தான், அதனால் நேரே இறங்குகிறது. கீழிருந்த வெற்றிடம் எவ்வளவு அகலமோ, கிட்டத்தட்ட அவ்வளவு அகலத்துக்கு மேலே வட்டம் விழுகிறது. எறும்புவளை மாதிரிப் பள்ளம் வாயைச் சுற்றிக் குவிந்து உண்டாவது, இது உள்ளே வெறுமையாகி உட்காருவது. இரண்டும் பள்ளம்தான், பிறப்பு வேறு. என் கோடு எந்த இடத்தில் முறிய வேண்டும் என்பதை அந்த விரிசல் எனக்கு வரைந்தே காட்டிவிட்டது.

சந்தோஷம் வந்தது. வந்த உடனேயே வெட்கமாகவும் இருந்தது. உள்ளே ஒருவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வலியில் கிடக்கிறார், வெளியே நான் சாம்பல் மேட்டைப் பார்த்து இளித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே போய் அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "மறந்து போறதுக்குள்ள போய் வரை. எனக்குத் தண்ணி மட்டும் எட்டற இடத்துல வெச்சிட்டுப் போ" என்றார்.

மதிலோரம் முக்காலியைப் போட்டு ஏறி நின்று, பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்தேன். அப்புறம் நல்ல தாளில் மையால் போட்டேன். ஒன்றில் மலை, அடியில் நிறைந்த அறை. இரண்டில் வெடிப்பு, அறை பாதி காலி. மூன்றில் வளைய விரிசல், நேரே இறங்கும் உச்சி. நான்கில் செங்குத்தான சுவர்களுக்கு நடுவே தண்ணீர். மதகு இல்லை, கலங்கல் இல்லை. மை காய்ந்ததும் அக்காவை இவருக்குத் துணை வைத்துவிட்டு அம்பத்தூருக்கு ரயில் ஏறினேன்.

பேராசிரியர் மூன்றாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எந்தப் புத்தகத்துல பார்த்தீங்க?" என்றார். புத்தகமில்லை சார் என்று நடந்ததைச் சொன்னேன். கணவரின் கால் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். எல்லாம் கேட்டபின், "நான் அந்த மேட்டைப் பார்க்கணும். பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். வேலை உண்டா இல்லையா என்று சொல்லவில்லை. நானும் கேட்காமல் வந்த வழியே திரும்பிவந்தேன்.

அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழை நாள்கணக்கில் விடவில்லை. அவர் வரமாட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன். மழை விட்ட ஒரு மத்தியானம் குடையும் சாத்துக்குடிப் பையுமாக வாசலில் நின்றார். வேட்டியெல்லாம் சேறு.

நேராக மேட்டுக்குப் போகவில்லை. முதலில் கட்டிலுக்கருகில் உட்கார்ந்து இவர் காலைப் பற்றித்தான் கேட்டார். பிறகுதான் கொல்லைப்பக்கம் வந்து துவைக்கல்மேல் ஏறினார். பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. சாம்பல் சேறாகி அடியில் படிந்து தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்திருந்தது. மழை நின்றதும் மில்காரர்கள் யாரோ ஒரு கூடை உமியை நடுவில் கொட்டியிருக்கிறார்கள். அது தண்ணீருக்கு மேலே சின்னக் கூம்பாக நின்றது. அதைப் பார்த்ததும் பேராசிரியர் மதிலைப் பிடித்துக்கொண்டு எம்பினார். பெரிய வெடிப்பெல்லாம் ஓய்ந்து ஏரி உண்டான பிறகும், சில சமயம் அடியில் மிச்சமிருக்கும் குழம்பு மெதுவாக மேலே வந்து, ஏரிக்கு நடுவில் குட்டி மலை ஒன்று முளைக்குமாம். ஐந்தாவது படம் ஒன்றும் வேண்டும் என்றார்.

சத்தம் கேட்டு அக்கா வந்தார். "சார், அந்தாண்ட போவாதீங்க. ஏற்கெனவே ஒர்த்தரு வெந்துட்டாரு. இன்னாத்துக்கு இந்தக் குப்பமேட்ட இப்டி பாத்துகினு கீறீங்க?"

"இதே மாதிரி உலகத்துல பெரிய பெரிய மலை உள்ள போயிருக்கும்மா. இந்த ஊர் அளவுக்கு" என்றார் பேராசிரியர்.

"அத கண்டுபுடிக்க அங்க யாரு ஊட்டுக்காரரு உளுந்தாரு?"

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கட்டிலிலிருந்து இவரும் சிரிப்பது கேட்டது. நன்றி சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் அன்று ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். தப்பைத் தப்பென்று முகத்துக்கு நேரே சொன்னவர், பலகையோடு ஓடிவந்தவர், தப்பான படத்துக்காக நெருப்பில் ஏறினவர். அது அப்போதே எனக்குத் தெரிந்தது என்பதுதான் பெரிய விஷயம். பலதும் நமக்குக் காலம் கடந்துதான் தெரியவரும்.

காப்பி குடித்துவிட்டுப் பேராசிரியர் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். புத்தகத்தின் முதல் பக்கம் எப்படி அச்சாக வேண்டும் என்று எழுதியது. தலைப்பு, அவர் பெயர், அதற்குக் கீழே 'படங்கள்' என்று போட்டு இடம் விட்டிருந்தது.

"ரெண்டாம் பாகத்துக்கும் நீங்கதான். பேர் சொல்லுங்கம்மா, போட்டுடறேன்."

அதுவரை அவருக்கு நான் அம்மா. ரயிலிலும் கடையிலும் ஃபிட்டர் வீட்டுக்காரி. அக்காவுக்குத் தங்கச்சி. இவருக்கு நான் "இங்க பாரு". எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். இவருக்கும் கூச்சம், மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட என் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. அங்கே நின்றபோது என் பெயர் என் வாயிலேயே வரவில்லை. அது வேறு யாருடைய பெயரோ மாதிரி இருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பேராசிரியர் பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

கட்டிலிலிருந்து இவர் சொன்னார். என் முழுப்பெயரை, என் அப்பாவின் முதலெழுத்தோடு, ஓவியத் தேர்வுக்கு நான் எழுதிய அதே பெயரைச் சொன்னார். பேராசிரியர் இன்னொரு தடவை கேட்டார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, இந்தமுறை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.